கொரங்காட்டை நம்பி வாழும் குடும்பங்களின் கோரிக்கை மனு

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், திருப்பூர்.

பொருள்: மகளிர் குழுக்களின் ஆட்டுக் கடன், மாட்டுக் கடன் தவணைகளைத் திருத்தியமைத்தலும் அதனைச் சார்ந்தனவும்.



காங்கேயம் வட்டாரத்து மகளிர் சுய உதவிக் குழுக்களின் உறுப்பினர்களும் சிறு, குறு விவசாயிகளும் கூடிப் பணிவுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழையே பெய்யும் எங்கள் சரளை மண்ணில், கிணறுகள் வற்றிய காலத்திலும் குடித்தனம் குலையாமல் காத்து வந்தது கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலமே என்பதைத் தாங்கள் அறிவீர்கள். கிளுவையை உயிர்வேலியாக நட்டு, நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல மரங்களை விட்டுவைத்து, தரையில் கொழுக்கட்டைப் புல்லைப் பேணி, மழைக்கு முளைத்ததைக் கோடை முடிய மாடும் ஆடும் மாற்றி மாற்றி மேயும்படி முன்னோர் வகுத்த இந்த ஏற்பாட்டில்தான், பழையகோட்டைப் பட்டக்காரர் மரபினர் போற்றி வளர்த்த காங்கேயம் மாட்டினம் தழைத்தது. பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் நீர் கடைமடையாகிய எங்களுக்குப் போதிய அளவில் வந்து சேராமையால், பல குடும்பங்களுக்கு ஜீவனாதாரம் இன்றும் கொரங்காடே.

1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கி, 1992-இல் நபார்டு வகுத்த வங்கி இணைப்புத் திட்டத்தால் வலுப்பெற்று, பின்னர் மகளிர் திட்டமாகத் தமிழகமெங்கும் பரவிய குழு இயக்கம், நிலமோ நகையோ ஈடு கேளாமல், கூடிச் சேமித்த நாணயத்தையே ஜாமீனாகக் கொண்டு பெண்களுக்குக் கடன் கிடைக்கச் செய்தது. எங்களில் பலரைக் கந்துவட்டியிலிருந்து மீட்டது. அந்த உபகாரத்தை மறந்து நாங்கள் பேசவில்லை. எனினும், மாதந்தோறும் வருமானமுள்ள கடைக்கும் தையலுக்கும் பொருந்தும் தவணை முறையை ஆடு வளர்ப்போர்மீதும் சுமத்துவதால் விளையும் கேட்டைச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

ஆவணியில் கடன் பெற்று நான்கு பெண்ணாடுகள் வாங்கிய உறுப்பினர், புரட்டாசியிலேயே முதல் தவணை கட்ட வேண்டும். ஐப்பசி மழைக்குப் பின்னரே புல் எழும். ஆடு சினைப்பட்டு ஈன ஐந்து மாதம். குட்டி பால்குடி மறந்து கன்னிவாடிச் சந்தையில் விலைபோக இன்னும் மூன்று நான்கு மாதம். இடைக்காலத் தவணைக்காகச் சினையாட்டையே வியாபாரியிடம் பிடித்துக் கொடுக்க நேர்கிறது. அதற்கு மனம் வராதவர், வாரந்தோறும் வாசலுக்கு வந்து வசூலிக்கும் நுண்கடன்காரரை நாடுகிறார். காங்கேயம் கிடாரியோ முதற்கன்று ஈன ஏறக்குறைய மூன்றரை ஆண்டு ஆகும். அதற்கும் இதே தவணைதான்.

ஆகவே, ஆட்டுக் கடனுக்குப் பத்து மாதமும், கிடாரிக் கடனுக்கு அது கன்று ஈனும் வரையிலும் வட்டியை மட்டும் பெற்று, அசலைக் குட்டி விற்கும் பருவங்களில் கட்டிக்கொள்ள இடமளிக்குமாறு வங்கியாளர் கூட்டத்தில் தாங்கள் வலியுறுத்த வேண்டும் என்பதே எங்கள் பிரதான கோரிக்கை. மேலும், மாட்டுக் கடனுக்குப் பால் அதிகம் என்று கலப்பினப் பசுவையே பரிந்துரைப்பது, பசுந்தீவனமும் தண்ணீரும் தட்டாத தோட்டத்தாருக்குத் தகும். கொரங்காட்டாருக்குத் தகாது என்பது எங்கள் திடமான அபிப்பிராயம்.

கொரங்காட்டைக் குத்தகைக்குப் பிடித்து மேய்க்கும் பெண்களிடம் பட்டா இல்லை. உழவர் கடன் அட்டை 2018-19 முதல் கால்நடை வளர்ப்புக்கும் நீட்டிக்கப்பட்டும் அவர்கள் கைக்கு அது எட்டுவதில்லை. மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் தீர்மானத்தையும் கிராம நிர்வாக அலுவலரின் சான்றையும் போதிய ஆதாரமாக ஏற்க உத்தரவிட வேண்டுகிறோம்.

தெருநாய்த் தொல்லையோ சொல்லி மாளாது. இரவில் வேலிச் சந்து வழியே பட்டிக்குள் புகும் நாய்க்கூட்டம், தின்பதோடு நில்லாமல், அகப்பட்டதையெல்லாம் கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகிறது. விடியலில் படலைத் திறக்கிறவள், கடனில் வாங்கிய ஆடுகள் ஒருசேர மாண்டு கிடக்கக் காண்கிறாள். காங்கேயம், வெள்ளகோவில் விவசாயிகள் இதற்காகப் போராடியது தாங்கள் அறிந்ததே. கால்நடை மருத்துவர் அன்றைக்கே வந்து பார்த்துச் சான்றளிக்கவும், இழப்பீடு நேரே கடன் கணக்கில் சேரவும், கிளுவைப் போத்து நட்டு வேலியடைக்கும் பணியை ஊரக வேலைத் திட்டத்தில் சேர்க்கவும் ஏற்பாடு செய்யக் கோருகிறோம்.



வரும் ஐப்பசிக்கு முன் தவணை மாறினால், இவ்வாண்டுச் சினையாடுகள் விலைபோகாமல் பட்டியிலேயே ஈனும். ஆதலால் இம்மனுமீது காலந்தாழ்த்தாது ஆணை பிறப்பிக்குமாறு தங்களைப் பிரார்த்திக்கிறோம்.

இப்படிக்கு,
காங்கேயம் வட்டார மகளிர் குழுவினரும் சிறு விவசாயிகளும்