பிடியரிசியில் தொடங்கும் பயணம்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குத் தினமும் காலையில் ஜீப்புகள் ஏறுகின்றன. இடுக்கி மாவட்டத்தின் சக்குபள்ளம் போன்ற மலை ஊர்களில் தோட்டத்துப் பேச்சு தமிழில் நடக்கும். பஞ்சாயத்து அலுவலகத்தின் காகிதங்கள் மலையாளத்தில் இருக்கும். இப்படியொரு ஊரில் ஒருவர் ‘மிஷனெரியாக வெளிநாடு போகப் போகிறேன்’ என்று சொன்னால், வீட்டில் எழும் முதல் கேள்வி வேதத்தைப் பற்றியதாக இருக்காது. காய் எடுப்பை யார் பார்ப்பது? கடனை யார் கட்டுவது? அம்மாவை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போவது?

நியாயமான கேள்விகள்தான். ஆனால் மிஷன் வரலாறு பெரும்பாலும் கப்பல் ஏறும் காட்சியில் தொடங்குவதால், அதற்கு முந்தைய ஆண்டுகளும் அடுப்பங்கரையும் அதில் இடம்பெறுவதில்லை.

வில்லியம் கேரியை எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் செருப்பு தைத்து, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்து, கிடைத்த நேரத்தில் லத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் படித்தவர் அவர். 1793இல் வங்காளம் வந்த பிறகும் பிழைப்புக்காக அவுரித் தொழிற்சாலை ஒன்றை நிர்வகித்தார். உழைத்துக்கொண்டே ஆயத்தமாவது எப்படி என்பதற்கு இன்றும் அவரைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். அவர் மனைவி டாரதியின் கதை அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. முதலில் வர மறுத்தவர் அவர். கடைசி நேரத்தில்தான் இணங்கினார். 1794இல் ஐந்து வயது மகன் பீட்டர் நோயில் இறந்தான். டாரதியின் மனநிலை சிதைந்தது. 1807இல் இறக்கும் வரை தேறவில்லை. கேரியின் அழைப்புக்கு விலை கொடுத்தவர் அவர். வீட்டாரின் முழுச் சம்மதம் இல்லாத ஆயத்தம் அரைகுறை ஆயத்தம் என்பதற்கு இதைவிடக் கடுமையான பாடம் வேண்டியதில்லை.

தமிழர்களிடம் வேறொரு முன்மாதிரி உண்டு. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் கடல் கடந்து தமிழகக் கரைக்கு ஊழியர்களை அனுப்பிவந்தார்கள். பல ஆயிரம் கிறிஸ்தவர்கள் இருந்த திருநெல்வேலி அப்படி யாரையும் அனுப்பவில்லை என்பது அவரை உறுத்தியது. 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. அது தேர்ந்தெடுத்த களம் நிஜாம் ராஜ்யத்தின் தோர்ணக்கல். கடல் கடக்காவிட்டாலும் வேறு மொழி, வேறு ஆட்சி; திருநெல்வேலிக்காரருக்கு அது வெளிநாடுதான். அசரியாவே 1909இல் அங்கு குடியேறினார். முப்பத்தைந்தை நெருங்கும் வயதில் தெலுங்கு மண்ணில் புதிதாகத் தொடங்கியவர், 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

பணத்துக்கு வழி? மிசோரம் அதற்குப் பதில் வைத்திருக்கிறது. அங்கே 1910 முதல் பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் திருச்சபைக்காகத் தனியே எடுத்து வைக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பிடியரிசி புதிதல்ல. அந்த மாநிலத்தின் சபை தன் ஊழியர்களை வெளியே அனுப்ப முடிந்ததற்கு இந்தச் சிறு சேமிப்பும் ஒரு காரணம். ஊழியம் அன்றாட வாழ்க்கைக்குப் போட்டியாக நிற்கவில்லை. அதன் சோற்றுப் பானையிலிருந்தே புறப்பட்டது.

அடுத்தது மொழி. 1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்க், பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் எழுத்துப் பழகினார். தமிழ் ஏடுகளைத் தேடிச் சேர்த்தார். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய நூலை ஜெர்மனியிலிருந்த மேலாளர்கள் விரும்பவில்லை; அது அச்சாக 1867 வரை ஆனது. போகிற இடத்து மக்கள் எதை நம்புகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் பொறுமை அனுப்பியவர்களுக்கு இல்லை, போனவருக்கு இருந்தது. காலையில் தமிழும் மாலையில் மலையாளமுமாக வாழும் மலைவாசிகளுக்கு இந்தப் பயிற்சியில் பாதி ஏற்கெனவே முடிந்துவிட்டது.

சட்டமும் ஆயத்தத்தில் ஒரு பாடம். பக்கத்து நேபாளத்தின் 2015 அரசியல் சட்டம் பிறரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018இல் அமலுக்கு வந்த குற்றவியல் சட்டம் அதற்குச் சிறைத் தண்டனை விதிக்கிறது. உற்சாகத்தை நம்பிச் சுற்றுலா விசாவில் புறப்படுகிறவர் தன்னை மட்டுமல்ல, தனக்கு இடம் கொடுக்கும் உள்ளூர்க் குடும்பத்தையும் ஆபத்தில் தள்ளுகிறார்.

ஆகவே வேதாகமக் கல்லூரிச் சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும் போதாது. கடன் தீர்ந்திருக்க வேண்டும், அம்மாவைக் கவனிக்க ஆள் இருக்க வேண்டும், மனைவியோ கணவனோ மனதார ‘சரி’ என்றிருக்க வேண்டும். இவையெல்லாம் முடியும் வரை பயணம் தள்ளிப்போனால் அது அவிசுவாசம் ஆகாது. வீட்டில் இருப்பவர்களின் கண்ணீரைக் கவனிக்கத் தெரியாதவருக்குத் தூர தேசத்தார் கண்ணீர் மட்டும் எப்படிப் புரியும்?