சமோலி பாறை 2016-லேயே நகர ஆரம்பித்தது. யார் பார்த்தார்கள்?

ஹைதராபாத் மெட்ரோவில் நாகோல் பக்கம் போறவரா நீங்கள்? ஹப்சிகுடா தாண்டினால் 'என்ஜிஆர்ஐ' ஸ்டேஷன். தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயர்தான் அது. 2021 பிப்ரவரி 7 காலை 10.21-க்கு உத்தராகண்டின் சமோலியில் ஒரு மலைச்சரிவு பெயர்ந்து விழுந்தபோது, அந்த நிறுவனத்தின் நிலநடுக்கமானிகள் அங்கே ஓடிக்கொண்டிருந்தன. அதிர்வு பதிவாகிவிட்டது.

ரோன்டி சிகரத்திலிருந்து விழுந்தது சுமார் 2.7 கோடி கன மீட்டர். 'பனிப்பாறை உடைந்தது' என்றுதான் அன்று டிவியில் ஓடியது. உண்மையில் விழுந்ததில் 80 சதவீதம் பாறை. தபோவன், ரிஷிகங்கா நீர்மின் திட்டத் தொழிலாளர்கள் உட்பட 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள்.

சரி, பாறை எப்படி உடையும்? விரிசலில் தண்ணீர் உறைந்து, 9 சதவீதம் விரிந்து, கல்லைப் பிளக்கும். இது ஸ்கூல்ல படிச்சது, பாதிக்கதைதான். மைனஸ் 3 முதல் மைனஸ் 8 டிகிரி குளிரில் பாறை நாள்கணக்கில் இருந்தால், நுண்விரிசலில் உள்ள ஐஸ் பக்கத்து ஈரத்தை இழுத்துக்கொண்டே வளரும். கடப்பாரை மாதிரி நெம்பும். இதற்குக் குளிர் மட்டும் போதாது, தண்ணீரும் வேண்டும். பனிப்பாறை மலைச்சுவரிலிருந்து விலகும் ஆழமான பிளவில் இரண்டுமே கிடைக்கும். கனடாவில் இப்படி ஒரு பிளவுக்குள்ளேயே வெப்பநிலையை அளந்து பார்த்து, 2012-ல் ஆய்வு வெளியிட்டார்கள்.

வெப்பம் கூடினால் இந்த வேலை இன்னும் உயரத்துக்கு ஏறும். பாறைகளைப் பசை போல ஒட்டிவைத்திருக்கும் ஐஸும், உருகுவதற்கு முன்பே பலம் இழக்கும். (சமோலிக்கு வெப்பமயமாதல் மட்டுமே காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரே ஒரு சரிவை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.)

எனக்கு உறுத்துவது வேறு. பழைய செயற்கைக்கோள் படங்களைப் பின்னாளில் அலசியபோது, அந்தப் பாறைத் துண்டு 2016-லேயே நகரத் தொடங்கியது தெரிந்தது. அதிகம் நகர்ந்தது 2017, 2018 கோடைகளில். பனியிலும் அடிப்பாறையிலுமாக 80 மீட்டர் அகலத்துக்குப் பிளவு திறந்திருந்தது. பார்க்கத்தான் ஆளில்லை.

நிலநடுக்கமானிகளை வைத்து எச்சரிக்கை தர முடியும் என்று 2021-லேயே என்ஜிஆர்ஐ விஞ்ஞானிகளும் ஜெர்மன் ஆய்வாளர்களும் எழுதினார்கள். ஆனால் அது பாறை விழுந்த பிறகு கிடைக்கும் நிமிடங்கள். இதே ஊரில் உள்ள தேசிய தொலையுணர்வு மையம் 2023-ல் வெளியிட்ட நிலச்சரிவு அட்லஸில் சமோலிக்குப் பக்கத்து மாவட்டமான ருத்ரபிரயாக் முதலிடம். அது ஏற்கெனவே நடந்த சரிவுகளை வைத்துப் போட்ட கணக்கு. இன்னும் விழாமல், கோடைக்குக் கோடை நகர்ந்துகொண்டிருக்கும் சரிவுகளுக்கு வேறு பட்டியல் வேண்டும். அதை வருடாவருடம் புதுப்பிக்கச் சம்பளம் வாங்கும் ஆட்களும் வேண்டும்.