'நார்மல்' என்றால் முடிந்துவிடுமா?
விந்துப் பரிசோதனையில் எண்ணிக்கை, வடிவம், நீந்தும் திறன் எல்லாம் 'நார்மல்' என்று வந்துவிட்டால், குறை பெண்ணிடம்தான் என்று வீடும் ஊரும் முடிவுகட்டிவிடுகின்றன. இது அநியாயம். 2001-இல் டேவிட் கிளாப்ஹாம் குழுவினர் அறிவித்த கேட்ஸ்பெர் என்னும் புரதம், விந்தணுவின் வாலில் கால்சியம் அயனிகளை உள்ளே விடும் வாசல். முட்டையைச் சூழ்ந்த செல்கள் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் பட்டதும் வாசல் திறக்கிறது. அதுவரை சீராக அசைந்த வால் சாட்டைபோல வீசத் தொடங்குகிறது. முட்டையின் தடித்த உறையைத் துளைக்க அந்த வீச்சு வேண்டும். வாசல் பழுதான விந்தணுவும் நீந்தும் என்பதால், வழக்கமான சோதனையில் அது தப்பிவிடலாம்.

இந்த வாசலையும் சோதிக்கலாமே என்றால், மருந்தில்லாத குறைக்கு இன்னொரு சோதனை, இன்னொரு செலவு எதற்கு என்பார்கள். செலவைக் குறைக்கத்தான். இத்தகைய விந்தணுவைச் சோதனைக் குழாயில் முட்டையோடு சேர்த்து வைத்தாலும் அது உறையைத் தாண்டுவதில்லை. ஊசிவழி முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையில்தான் வழி பிறக்கிறது. முன்பே தெரிந்தால் ஒரு வீண் முயற்சி மிச்சம். அதற்காக அந்தப் பெண் வயிற்றில் நாள்தோறும் போட்டுக்கொள்ளும் ஹார்மோன் ஊசிகளும் மிச்சம். அரிதான குறைதானே என்பதும் சரியே. அதனால் எல்லோருக்கும் வேண்டாம். 'காரணம் தெரியவில்லை' என்று எழுதப்படும் தம்பதிகளுக்காவது, முட்டை எடுப்பதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்யட்டும்.