பெட்டி நம்மது, பதிவு யாருடையது?

எங்கள் ஆயா வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் டி.வி.யில் வந்தார்கள். ஒரு பொங்கல் பட்டிமன்றம். பேச்சாளராக அல்ல, மூன்றாவது வரிசையில் கைதட்டுகிறவராக! மொத்தம் நாலே செகண்டு. எச்.டி. சேனல் என்பதால் காதுத் தோட்டின் கல் வரை தெரிந்தது. செட்டாப் பாக்ஸில் பென் டிரைவைச் செருகி நான்தான் பதிவு செய்தேன். ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த யாரும் அதைப் பார்க்காமல் காபி குடித்ததில்லை.

ஆயா போன அடுத்த ஐப்பசியில் ஒரு இடி. பாக்ஸ் அவுட். கம்பெனிக்காரர் வந்து வேறு பாக்ஸ் மாட்டினார். பென் டிரைவைச் செருகினால், "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கிறது. கம்ப்யூட்டரில் போட்டேன், ஒன்றும் ஓடவில்லை. "பழைய பாக்ஸோட சாவி பழைய பாக்ஸ்லயே போச்சு தம்பி" என்றார் அவர்.

அம்மா என்னைப் பார்த்து, "எலக்ட்ரானிக்ஸ்தானேடா படிக்கிற?" என்றாள். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

சித்தப்பா வீட்டு டெக்கில் பதிந்த கேசட் எந்த டெக்கில் போட்டாலும் ஓடும். வீட்டில் பதிந்து பிறகு பார்ப்பது திருட்டு அல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984லேயே, சோனியின் பீட்டாமேக்ஸ் வழக்கில், 5க்கு 4 என்ற கணக்கில் சொல்லிவிட்டது. நம் நாட்டில்? 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்காக ஒளிபரப்பைப் பதிவு செய்வது ஒளிபரப்பாளர் உரிமையை மீறியதாகாது என்கிறது. சட்டம் சரி என்கிறது, பெட்டி முடியாது என்கிறது!

புதுப்படத்தைப் பதிந்து விற்கிறவன் இருக்கிறானே என்பார்கள். இருக்கிறான். அவனுக்குப் பூட்டு வேண்டியதுதான். உரிமை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்று 2012ல் 65ஏ பிரிவும் வந்தது. நான் உடைக்கச் சொல்லவில்லை. பாக்ஸை மாற்றும்போது சாவியையும் மாற்றிக் கொடு என்கிறேன். பூட்டு செய்யத் தெரிந்தவனுக்கு அது பெரிய வேலையா?

அதுவரை என்ன செய்வது? மொட்டை மாடிக்குப் போனேன். 2004 டிசம்பரில் தொடங்கிய தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையில் பூட்டில்லாமல் வரும் சேனல்கள் உண்டு, எச்.டி.யும் உண்டு. ஜிசாட்-15 செயற்கைக்கோள், 93.5 டிகிரி கிழக்கு. நம் ஊரிலிருந்து சரியாகத் தென்கிழக்கே, சுமார் 68 டிகிரி உயரத்தில் நிற்கிறது. கணக்குப் போட்டது பத்து நிமிடம், டிஷ்ஷைத் திருப்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும். கீழேயிருந்து தங்கை "வருது... போச்சு... வருது..." என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

பழைய கம்ப்யூட்டர் ஒன்று, போன பேட்ச் அண்ணன் கொடுத்த டிவிபி-எஸ்2 ட்யூனர் ஒன்று, லினக்ஸில் டிவிஹெட்எண்ட் என்ற இலவச மென்பொருள். எல்.என்.பி.க்கு 13 வோல்ட் போனால் செங்குத்து அலை, 18 போனால் கிடை அலை. வகுப்பில் மனப்பாடம் செய்த போலரைசேஷன் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது!

எச்.டி. படத்தில் 1920க்கு 1080 புள்ளிகள். பழைய படத்தில் 720க்கு 576. பெருக்கிப் பாருங்கள், சரியாக ஐந்து மடங்கு. நொடிக்கு 8 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜி.பி. 500 ஜி.பி. டிஸ்க்கில் 138 மணி நேரம் பிடிக்கும். பதிந்த ஃபைல் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும். அதுதான் எனக்கு வேண்டியது.

குறை உண்டு. அடைமழையில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். காசு கொடுத்துப் பார்க்கும் சேனல்கள் இதில் வராது. ஆயாவின் நாலு செகண்டும் வரவில்லை. அந்தப் பென் டிரைவை யாரையும் ஃபார்மேட் செய்ய விடாமல் அம்மா பீரோவில் வைத்திருக்கிறாள்.

இதையே இந்த வருடம் ப்ராஜெக்டாக எடுக்கலாம் என்று ஹெச்.ஓ.டி. சாரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் இரண்டு பேர் வேண்டும். மாடி ஏறப் பயமில்லாதவர்களாக இருந்தால் நல்லது.

- மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை