எந்திரத்துக்கும் ஒரு குரல் உண்டு

அறிவியல் புனைவு ஆக்‌ஷன் படங்களில் வரும் கரடுமுரடான எலெக்ட்ரானிக் இசையைப் பற்றி நம்மிடம் இரண்டு தரப்புகள் உண்டு. ‘வெறும் இரைச்சல்’ என்று காதைப் பொத்திக்கொள்ளும் மெலடிப் பெருசுகள் ஒன்று. தியேட்டர் ஸ்பீக்கர் கிழிந்தால்தான் ‘வெறித்தனம்’ என்று ஸ்டேட்டஸ் போடும் நம்ம செட்டு இன்னொன்று. ரெண்டு தரப்பும் செய்வது ஒரே தப்புதான். சொரசொரப்பும் சத்தமும் ஒன்று என்று நினைக்கிறார்கள்.

1984-இல் வந்த ‘தி டெர்மினேட்டர்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். இசை பிராட் ஃபீடல். அந்த இரும்பு அடி எங்கிருந்து வந்தது தெரியுமா? சமையலறை வாணலியிலிருந்து. அதைத் தட்டிப் பதிவுசெய்தார். அந்த விசித்திரத் தாளமும் திட்டமிட்டதல்ல. சிந்தசைசரில் கையால் லூப் போடும்போது விரல் நூலிழை தவறியதில் விழுந்தது. நான் கோடு எழுதிப் பிழைக்கிறவன். பிழையைக் கண்டால் திருத்தத்தான் என் கை போகும். அவர் அதை அப்படியே விட்டார். அதனால்தான் அந்த எந்திரம் இடறிக்கொண்டே, ஆனால் நிற்காமல் வருகிறது. ஹெட்போனில் சன்னமாக வைத்துக் கேளுங்கள். பயம் குறையாது. வால்யூம் அல்ல விஷயம்.

நம் படங்களில் சிந்த் பேஸ் எப்போது உறுமுகிறது? ஹீரோ திரும்பிப் பார்க்கும்போது. துப்பாக்கியைத் தூக்கும்போது. டெர்மினேட்டரின் தாளம் துரத்துகிறது. நம்முடையது கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறது. எந்திரத்தின் ஒலியை எடுத்து ரசிகர் மன்றத்தில் சேர்த்துவிட்டோம்.

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நம்ம மண்ணுக்கு ஒட்டாது’ என்பார்கள். 1986-இல் வந்த ‘விக்ரம்’? சுஜாதாவின் கதை, கடத்தப்படும் ‘அக்னிபுத்ரா’ ஏவுகணை, எலெக்ட்ரானிக் ஒலிகளால் கட்டிய டைட்டில் பாடல். போட்டவர் பண்ணைப்புரத்து இளையராஜா. அவருக்கு மண் தெரியாதா?

அது என்ன மண்ணு, சொல்லுங்க? கிராமம் என்றாலே புல்லாங்குழலும் பறையும் மட்டும்தானா? எங்கள் பாவூர்சத்திரத்துக்கு வாருங்கள். காய்கறிச் சந்தைக்கு வந்து நிற்கும் லாரிகளின் டீசல் உறுமலைக் கேளுங்கள். போர் போடும் வண்டி மண்ணைத் தாண்டிப் பாறையைத் தொடும்போது அதன் சுதி மாறும். அந்த நொடியில், கடன் வாங்கிப் போர் போடுகிறவரின் முகம் மாறும். குற்றாலத்துக்குச் சீசனைக் கொண்டுவருகிற அதே மேல்காற்றுதான் சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைகளையும் சுற்றுகிறது. ஒன்றின் அடியில் நின்றால் அந்த மூச்சு நெஞ்செலும்பில் கேட்கும். இவ்வளவும் இந்த மண்ணின் ஒலிதான். இதோடுதான் தூங்குகிறோம், இதை நம்பித்தான் தண்ணீர் குடிக்கிறோம். ஆனால் சினிமாவில் எங்கள் ஊருக்கு இன்னும் மாட்டு மணிச் சத்தம்தான்.

கரடுமுரடான எலெக்ட்ரானிக் இசை நம்மைப் பிடித்து இழுப்பதற்குக் காரணம் அதன் அந்நியத்தன்மை இல்லை. ஏற்கெனவே நமக்குத் தெரிந்த உராய்வு அதில் இருக்கிறது. இசையமைப்பாளர்களே, சந்தையில் எல்லோரும் வாங்கும் ரெடிமேட் உறுமலை மூடிவைத்துவிட்டு, ஒரு மைக்கோடு தென்காசி பஸ் ஏறுங்கள். அடுத்த தமிழ் ரோபோ நடந்து வரும்போது, அதன் காலடியில் எங்கள் பாறை உடையட்டும்.