நடுவர் நாற்காலியில் கட்சிக்காரர்

"சபாநாயகர் யாராக இருந்தால் நமக்கென்ன? அரிசி விலை குறையப் போகிறதா, கடை வாடகை குறையப் போகிறதா?" என்று நம் வியாபாரப் பெருமக்களில் பலர் கேட்கிறார்கள். இளைஞர்களோ முதல்வர் யார், மந்திரிகள் யார் என்பதோடு அரசியல் அறிவை முடித்துக் கொள்கிறார்கள். உயரமான நாற்காலியில் அமர்ந்து, 'உட்காருங்கள், உட்காருங்கள்' என்று சொல்லிக் கொண்டிருக்கும் மனிதரைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை.

சரி, வியாபாரக் கணக்காகவே பேசுவோம். பெரும்பாறை, தாண்டிக்குடிப் பக்கத்து மலைத் தோட்டங்களிலிருந்து காப்பியும் மிளகும் மலைவாழையும் இறங்கும் ஊர் வத்தலக்குண்டு. அது நிலக்கோட்டைத் தொகுதியைச் சேர்ந்தது. 2017 செப்டம்பர் 18 அன்று அந்தத் தொகுதி எம்.எல்.ஏ.வின் பதவி பறிக்கப்பட்டது. 2019 மே 23ல் இடைத்தேர்தல் முடிவு வரும் வரை, ஏறத்தாழ 20 மாதங்கள், அந்த மக்களுக்காகச் சட்டமன்றத்தில் எழுந்து நிற்க ஓர் ஆள் இல்லை. மலையின் தெற்கு அடிவாரமான பெரியகுளத்துக்கும் இல்லை. அதை அடுத்த ஆண்டிபட்டிக்கும் இல்லை. தோல் வியாபாரத்தை நம்பி நம் மக்கள் ஆயிரக்கணக்கில் வாழும் ஆம்பூருக்கும் இல்லை. மொத்தம் 18 தொகுதிகள்! அது எப்படிப்பட்ட காலம்? 2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்து, எந்தச் சரக்குக்கு எத்தனை சதவீதம் என்று தெரியாமல் சிறு வியாபாரிகள் கணக்கரைத் தேடி அலைந்த காலம். 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்து திண்டுக்கல் வழியாக மேற்கே போனபோது கொடைக்கானல் மலையில் மரங்கள் சாய்ந்த காலம். வரியைப் பற்றியோ நிவாரணத்தைப் பற்றியோ கேள்வி கேட்க வேண்டிய இருக்கைகள் காலியாகக் கிடந்தன.

பதவியைப் பறித்தது நீதிமன்றமா? தேர்தல் கமிஷனா? இல்லை. சபாநாயகர் ப.தனபாலின் ஓர் உத்தரவு! வழக்கு நடந்ததால் இடைத்தேர்தலும் தள்ளிப் போயிற்று. இப்போது சொல்லுங்கள், சபாநாயகர் யாராக இருந்தால் நமக்கென்ன?

இந்த நாற்காலியின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். 1937ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் புலுசு சாம்பமூர்த்தி முதல் சபாநாயகராக அமர்ந்தார். 1946ல் வந்தவர் ஜெ.சிவசண்முகம் பிள்ளை. தாழ்த்தப்பட்ட சமுதாயத்தில் பிறந்து, சென்னை மேயராகவும் இருந்தவர். 1955 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். நம் காயிதே மில்லத் அவர்கள் அவருடைய சபையில்தான் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார்கள். சிவசண்முகம் பிள்ளைக்குப் பிறகு அதே சமுதாயத்திலிருந்து இன்னொருவர் அங்கே அமர 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சமூக நீதி பேசும் மண்ணில் 57 ஆண்டுகள்! அப்படி வந்தவர்தான் மேலே சொன்ன தனபால்.

1937 முதல் 2021ல் மு.அப்பாவு பொறுப்பேற்றது வரை வந்த சபாநாயகர்களில் ஒரு முஸ்லிம் கூட இல்லை, ஒரு பெண் கூட இல்லை. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த சர் அப்துர் ரஹீம், வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1935 முதல் 1945 வரை டெல்லி மத்திய சட்டசபைக்குத் தலைமை தாங்கினார். சுதந்திரத்துக்குப் பிறகு சென்னையில் நமக்கு அந்த இடம் இல்லை. இது வருத்தம்தான். ஆனால் நம்மவர் ஒருவர் அமர்ந்துவிட்டால் நியாயம் தானாக வந்துவிடும் என்று நினைப்பது ஏமாளித்தனம். நான் கேட்பது வேறு. அமர்கிறவர் எவராக இருந்தாலும் அமர்ந்த பின்பு யாருக்குக் கட்டுப்பட்டவர்?

1972ல் நடந்ததைக் கேளுங்கள். எம்.ஜி.ஆர். தி.மு.க.வை விட்டு வெளியேற்றப்பட்ட நேரம். சபாநாயகர் கே.ஏ.மதியழகன் தி.மு.க. அமர்த்தியவர், ஆனால் எம்.ஜி.ஆர். பக்கம் சாய்ந்தார். நவம்பரில் சபையைத் திடீரென்று ஒத்திவைத்தார். டிசம்பர் 2ல் சபை கூடியபோது அவர் மீதே நம்பிக்கையில்லாத் தீர்மானம். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. துணை சபாநாயகர் பெ.சீனிவாசனுக்கு இன்னொரு நாற்காலி போடப்பட்டது. ஒரே மண்டபத்தில் இரண்டு பேர், ஒரே நேரத்தில், ஆளுக்கொரு சபை நடத்தினார்கள்! முடிவில் மதியழகன் நீக்கப்பட்டார். ஆளும் கட்சிகள் அதில் படித்த பாடம் என்ன? நியாயமானவரை அமர்த்த வேண்டும் என்பதல்ல. கடைசி வரை நம்மை விட்டு மாறாதவரை அமர்த்த வேண்டும் என்பதுதான்.

பிறகு வந்தார் பி.எச்.பாண்டியன். 'வானளாவிய அதிகாரம்' என்ற சொல் பட்டிதொட்டியெல்லாம் பரவியது அவரால்தான். 1986ல், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அரசியல் சட்ட நகலை எரித்ததற்காக 10 தி.மு.க. உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். 1987 ஏப்ரலில் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கிண்டல் செய்து ஒரு நகைச்சுவைச் சித்திரம் வந்ததற்காக, அதன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல்! விசாரணை இல்லை, வக்கீல் இல்லை. நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியதால் சில நாட்களில் விட்டுவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டு, 1994ல் உயர்நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. தொகை சின்னதுதான். ஆனால் வானத்துக்கும் ஓர் உயரம் உண்டு என்று அளந்து காட்டிய தொகை அது.

1988 ஜனவரி 28ல் ஜானகி அம்மையாரின் நம்பிக்கை வாக்கெடுப்பின்போது சபைக்குள் அடிதடி, போலீஸ் நுழைவு. அத்தனைக்கும் நடுவில் தீர்மானம் வெற்றி என்று அறிவித்தார்கள். இரண்டே நாளில் ஆட்சி கலைந்தது. 2003 நவம்பரில், கா.காளிமுத்து சபாநாயகராக இருந்தபோது, இந்து நாளிதழின் ஐந்து பேருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் 15 நாள் சிறை என்று சபை தீர்மானித்தது. சுப்ரீம் கோர்ட் தடுத்தது. காளிமுத்து தமிழறிந்த நல்ல பேச்சாளர். நாற்காலிக்கு அது உதவவில்லை.

மறுபடியும் 2017க்கு வருவோம். பிப்ரவரி 18ல் எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை கோரினார். ரகசிய வாக்கெடுப்பு கேட்டார்கள், மறுக்கப்பட்டது. தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 122க்கு 11 என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த அந்த 11 பேரும் ஆளும் கட்சிச் சின்னத்தில் வென்ற பன்னீர்செல்வம் அணியினர். அடுத்த மாதம் சபாநாயகர் மீதே வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் தோற்றது. ஆகஸ்டில் இரண்டு அணியும் ஒன்றாயின. உடனே இன்னொரு பிரிவினர் கவர்னரைப் பார்த்து, முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். அவர்களில் 18 பேரின் பதவி ஒரு மாதத்துக்குள் போயிற்று. 2018 அக்டோபர் 25ல் உயர்நீதிமன்றம் அது செல்லும் என்றது. செல்லட்டும். ஆனால் சபைக்குள்ளேயே எதிர்த்து வாக்களித்த 11 பேர் மீதான மனு என்ன ஆயிற்று? மூன்று ஆண்டுகள் கழித்து, 2020 பிப்ரவரியிலும் அது சபாநாயகர் முன்னால்தான் கிடந்தது. கடிதம் கொடுத்தவருக்கு ஒரு மாதம். வாக்கே போட்டவருக்கு மூன்று ஆண்டுகள்!

நம் மஹல்லாவில் ஒரு பஞ்சாயத்து நடக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஜமாஅத் தலைவர் ஒரு தரப்பின் மைத்துனர். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மறு தரப்பு ஒப்புக்கொள்ளுமா? 'நீங்கள் சற்று ஒதுங்கிக் கொள்ளுங்கள் ஹஜ்ரத்' என்று சொல்ல மாட்டோமா? இந்தச் சின்ன மரியாதை கோட்டைக்குள் இல்லை. 1985ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தபோது, தாவினாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையைக் கட்சிக்காரரான சபாநாயகரிடமே ஒப்படைத்தார்கள். அந்தத் தீர்ப்பை நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்று 1992ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஆனால் தீர்ப்பே சொல்லாமல் மனுவை மேசைக்கடியில் வைத்துக் கொண்டால்?

இங்கிலாந்தில் சபாநாயகர் ஆனவர் கட்சியை விட்டு விலகிவிடுகிறார். இங்கே அப்படிச் செய்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். 1967ல் மக்களவைத் தலைவரான நீலம் சஞ்சீவ ரெட்டி காங்கிரஸிலிருந்து விலகினார். 2008ல் சோம்நாத் சாட்டர்ஜி, கட்சி சொல்லியும் நாற்காலியை விட்டு இறங்க மறுத்தார். கட்சி அவரை நீக்கியது.

நம் சமுதாயத்தின் குரலாகச் சட்டமன்றத்துக்குப் போகிறவர்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவர்கள். பெரிய கட்சிக்குச் சபாநாயகர் பாரபட்சம் காட்டினால் அது கூச்சல் போட்டு வெளிநடப்புச் செய்து பத்திரிகையில் இடம் பிடித்துவிடும். ஓர் உறுப்பினர், இரண்டு உறுப்பினர் உள்ள கட்சி என்ன செய்யும்? ஐந்து நிமிடம் தருவதா, இரண்டு நிமிடம் தருவதா, பேசியதைக் குறிப்பிலிருந்து நீக்குவதா, எல்லாம் அந்த நாற்காலியின் கையில். நம் வக்ஃப் நிலம் பற்றிய கேள்வி சபையில் ஒலிப்பதும் ஒலிக்காததும் அங்கேதான் முடிவாகிறது.

பதவி நீக்க அதிகாரத்தைச் சபாநாயகரிடமிருந்து எடுத்து, ஓய்வு பெற்ற நீதிபதிகள் போன்றோர் கொண்ட தனித் தீர்ப்பாயத்திடம் கொடுப்பது பற்றிப் பாராளுமன்றம் யோசிக்க வேண்டும் என்று 2020 ஜனவரியில், மணிப்பூர் வழக்கில், சுப்ரீம் கோர்ட் சொன்னது. பொதுவாக மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும் கெடு வைத்தது. ஓட்டுக் கேட்டு நம் கடை வாசலுக்கு வருகிறவர்களிடம் வழக்கமாக ரோடு கேட்கிறோம், கபரஸ்தானுக்குச் சுற்றுச்சுவர் கேட்கிறோம். அதோடு இதையும் கேளுங்கள்: உங்கள் கட்சி இந்தத் தீர்ப்பாயத்தை ஏற்கிறதா? ஏற்கிறதென்றால் தேர்தல் அறிக்கையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? வத்தலக்குண்டிலும் ஆம்பூரிலும் இந்தக் கேள்வியைச் சற்று உரக்கவே கேட்கலாம். 20 மாத பாக்கி அங்கே இருக்கிறது.