மில்லிங் மெஷினும் மிக்சி ஜாரும்

மிக்சில ஜார் மாத்த எவ்வளவு நேரம் ஆகும்? சட்னி ஜாரைத் தூக்கிட்டு பெரிய ஜாரை வெச்சு ஒரு திருகு. முடிஞ்சுது. இதுவே ஒவ்வொரு தடவையும் ஒரு நீள போல்ட்டை ஸ்பேனர் போட்டுக் கழட்டி, சுத்தியலால தட்டித்தான் எடுக்கணும்னு இருந்தா? மிளகாப்பொடி அரைச்ச ஜார்லயே தேங்காச் சட்னியும் அரைபடும். எல்லா வீட்லயும்தான்.

என் கராஜ்ல இருக்கற சின்ன மில்லிங் மெஷின்ல ரொம்ப வருஷம் இதுதான் நடந்துது.

தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். சுழலுற கட்டரால உலோகத்தைச் செதுக்கறதுதான் மில்லிங் மெஷின். கட்டரைச் சுத்தற தண்டுக்கு ஸ்பிண்டில்னு பேரு. என் மெஷின்ல அதுக்குள்ள ஆர்8 டேப்பர், அதாவது கூம்பு மாதிரி ஒரு குழி. பிரிட்ஜ்போர்ட் மெஷின்களால பிரபலமானது, இப்ப வீட்டு மெஷின்கள்லயும் நிறைய பார்க்கலாம். கட்டரைப் பிடிக்கற காலெட்டை, மேலேர்ந்து டிராபார்ங்கற நீளமான போல்ட் இழுத்து இறுக்கும். கழட்டணும்னா கொஞ்சம் தளர்த்தி, தலையில ஒரு தட்டு தட்டி, அப்புறம் மரை முழுக்கத் திருகி எடுக்கணும். அடுத்ததை மாட்டறப்ப மறுபடியும் முதல்லேர்ந்து.

இதுக்குத்தான் குவிக் சேஞ்ச் ஹோல்டர்னு ஒண்ணு இருக்கு. இதைப் பத்திப் பேச்சு வந்தாலே ஒரு கேள்வி கட்டாயம் வரும். "இது என்ன தொழிற்சாலையா? பொழுதுபோக்குக்குப் பண்றவனுக்கு நிமிஷக் கணக்கு எதுக்கு?" நானும் அந்தக் கட்சிதான். நேரம் மிச்சமாகறதுக்காக இதை வாங்காதீங்கன்னு இன்னைக்கும் சொல்வேன். ஆனா வாங்கறதுக்கு வேற காரணம் இருக்கு. என்னைப் பொறுத்தவரை அது சோம்பேறித்தனத்துக்கு வைத்தியம்.

ஒரு உதாரணம். பொம்மை நீராவி எஞ்சினுக்கு அலுமினியத்துல ஒரு அடித்தட்டு. நாலு எம்6 துளை, நடுவுல ஒரு பள்ளம், அவ்வளவுதான் வேலை. ஓரத்தைக் கண்டுபிடிக்க எட்ஜ் ஃபைண்டர், மேல்பரப்புக்கு ஃபேஸ் மில், புள்ளி வைக்க ஸ்பாட் டிரில், 5 மில்லி டிரில், மரை போட டேப், பள்ளத்துக்கு 6 மில்லி எண்ட் மில், பிசிறு எடுக்க சாம்ஃபர் கட்டர். ஆக 7 மாற்றம். வெட்டற கட்டர் மாறினா, அடியில பேப்பரை வெச்சு உரசிப் பார்த்து உயரத்தைத் திரும்பக் கண்டுபிடிக்கணும்.

ராத்திரி பத்தரை மணி. மெஷின்ல டிரில் சக் இருக்கு. பாக்கி பள்ளம் மட்டும்தான். சக்கைக் கழட்டி காலெட் மாட்டணும். "இன்னும் சுத்தியல் சத்தம் நிக்கலையா?"ன்னு உள்ளேர்ந்து தங்கமணி குரல். சரி, சின்னப் பள்ளம்தானேன்னு எண்ட் மில்லை டிரில் சக்லயே மாட்டிட்டேன்.

பண்ணக் கூடாத வேலை அது. டிரில் சக் மேலேர்ந்து கீழ அழுத்தறதுக்குன்னே செஞ்சது. பக்கவாட்டு அழுத்தம் அதுக்கு ஆகாது. மூணு தாடை, வழவழன்னு கடினமான எண்ட் மில் தண்டு, பிடிப்பு கம்மி. போதாக்குறைக்கு எண்ட் மில்லோட முறுக்கே அதைக் கீழ்நோக்கி இழுக்கும். 3 மில்லி ஆழத்துல ஆரம்பிச்ச பள்ளம் அடுத்த முனையில 5 மில்லியில முடிஞ்சுது. ரெண்டு வாரக் கடைசி உழைப்பு குப்பைக்குப் போச்சு. சக்கே அதிர்ந்து கழண்டு விழுந்திருந்தா என் கை என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

தப்பு தெரியாமப் பண்ணலை. தெரிஞ்சேதான் பண்ணினேன். மாத்தறது கஷ்டமா இருந்தா புத்தி குறுக்கு வழி தேடும். புத்திமதியால அதை மாத்த முடியாது. சரியான வழியைச் சுலபமாக்கினாத்தான் உண்டு.

அப்புறம்தான் டார்மாக் கம்பெனி பிரபலமாக்கின டி.டி.எஸ். முறைக்கு மாறினேன். விஷயம் ரொம்ப எளிமை. முக்கால் இஞ்ச் ஆர்8 காலெட் ஒண்ணு ஸ்பிண்டில்லயே நிரந்தரமா இருக்கும். ஒவ்வொரு கட்டருக்கும் முக்கால் இஞ்ச் நேர்தண்டு வெச்ச தனி ஹோல்டர். டிராபாரைக் கொஞ்சம் தளர்த்தி லேசா தட்டினா ஹோல்டர் கையில வந்துடும். மரையை முழுக்கக் கழட்ட வேண்டாம். இதுல அழகே ஹோல்டரோட தோள்தான். இறுக்கறப்ப அது ஸ்பிண்டில் முகத்துல போய் உக்காரும். அதனால எத்தனை தடவை கழட்டி மாட்டினாலும் உயரம் கிட்டத்தட்ட அதே. ஒருமுறை அளந்து எழுதி வெச்சுட்டா பேப்பர் உரசற வேலை போச்சு. சி.என்.சி. வெச்சிருக்கறவங்களுக்கு இதுக்காகவே இது வேணும். கையால சுத்தறவங்களுக்கும் டி.ஆர்.ஓ. இருந்தா, ஒரு துண்டுச் சீட்டு போதும்.

குறையும் சொல்லணும். நேர்தண்டைக் காலெட் பிடிக்கறது வெறும் உராய்வுல. தண்டுல எண்ணெய் இருந்து அழுத்தி வெட்டினா ஹோல்டரே கீழ நழுவும். அதாவது எந்த வியாதிக்குப் பயந்து இதுக்கு வந்தேனோ, அதே வியாதி! தண்டையும் காலெட்டையும் துடைச்சுட்டு மாட்டணும், நல்லா இறுக்கணும், பேராசைப்படாம வெட்டணும். பெரிய ஃபேஸ் மில்லுக்கு நேரா ஆர்8 தண்டுதான் நல்லது. ஹோல்டர் நீளத்தால கொஞ்சம் உயரமும் போகும், சின்ன மெஷினுக்கு அது பெரிய இழப்பு. உங்க ஸ்பிண்டில் எம்.டி.3 டேப்பரா இருந்தா முக்கால் இஞ்ச் தண்டுக்கு அதுல இடம் பத்தாது, இந்த ஆசையை விட்டுடுங்க. நல்ல ஈ.ஆர். காலெட் சக் ஒண்ணு வாங்கி, டிரில் பிட்டையும் அதுலயே மாட்டிக்கோங்க. டிரில் சக்குக்கு எண்ட் மில்தான் ஆகாது. காலெட்டுக்கு டிரில் பிட் தாராளமா ஆகும்.

முழு செட்டா வாங்காதீங்க. அடிக்கடி கைக்கு வர்ற கட்டர்களுக்கு அஞ்சாறு ஹோல்டர் போதும்.

கடைசியா ஒண்ணு. எந்த முறையா இருந்தாலும் டிராபார் மேலயே ஸ்பேனரை விட்டுட்டு சுவிட்சைப் போட்டுடாதீங்க. ஸ்பேனரை அதோட ஆணியில மாட்டின பிறகுதான் கை சுவிட்ச் பக்கம் போகணும். மாத்தறது சுலபமாக ஆக, இந்தப் பழக்கம் இன்னும் முக்கியம். அவசரக் கைக்கு எந்த ஹோல்டரும் வைத்தியம் பண்ணாது.

பாழான அடித்தட்டு இப்ப கராஜ்ல பேப்பர் வெயிட்டா இருக்கு. வீட்ல சுத்தியல் சத்தமும் குறைஞ்சிருக்கு. தங்கமணி காதுல விழறதில்லைன்னு நினைக்கறேன் :-)

உங்க பட்டறையில, இல்ல சமையலறையில, "மாத்தறதுக்குச் சோம்பல் பட்டுக் கெடுத்த கதை" இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. நான் மட்டும்தான் இப்படியான்னு தெரியணும்.